கோதுமை மணி உயரம்

சியூ ஃபால்ஸில் மூன்றாவது மாடி.
ஜன்னலுக்கு வெளியே பனி படுக்கைவாட்டில் பறக்கிறது.
அட்டைக்காரர்களின் கோபத்தை வாங்கி
அதற்கென்று உள்ள கட்டத்தில் இறக்கி வைப்பது
என் வேலை.
"கட்டணத் தகராறுப் பிரிவு. மார்வா பேசுகிறேன்."

அன்று வந்த முதல் அழைப்பு லெய்ஃப் ஸ்டென்ஸ்ருட்.
வடக்கே ஒரு தானியக் கிடங்கில் எடைமேடை ஆள்.
லாரி ஏறி நின்றதும்
முள் ஆடி அடங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு
எண்ணைச் சொல்பவர்.
முப்பது வருடமாய்.
ஜூனில் மகளுக்குக் கல்யாணம், படம் எடுப்பார்கள்.
காபியும் புகையிலையும் பழுப்பாக்கிய பல்லுக்கு
ஒரு பசை வரவழைத்தார்.
பசை சும்மா.
தபால் செலவுதான் நாலு டாலர் தொண்ணூற்றைந்து சென்ட்.

சும்மா என்ற சொல்லோடு எனக்குப் பழைய வழக்கு உண்டு.
வீட்டில் சும்மாதான் இருக்கிறேன் என்கிற என் தங்கை
மூன்று பிள்ளைகளையும்
நாற்பது பன்றிகளையும் கட்டி மேய்க்கிறாள்.

பதினான்கு நாள் சோதனை.
பொத்தானை அழுத்திய நொடியே முதல் நாள்.
பொட்டலமோ, புயலில் நெடுஞ்சாலை மூடியதால்
வழியில் ஏதோ ஊரில் பதினைந்து நாள் தூங்கிற்று.
மூடியைத் திருகும் முன்பே
தொண்ணூற்று நாலு டாலர் போய்விட்டது.
அடுத்து, 'புன்னகைச் சங்கம்' என்று
மாதாமாதம் முப்பத்தொன்பது.
"நான் எந்தச் சங்கத்திலும் இல்லை அம்மா," என்றார்.
"லூத்தரன் சர்ச்சைத் தவிர.
அங்கேயும் போய் நாளாகிறது."

தானமாக வந்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள்.
இந்த மாடு
வாங்கினவன் வாயைத் திறந்து
கடைவாய்வரை எண்ணிவிட்டுப் போயிருக்கிறது.

நான் கேட்டாக வேண்டிய கேள்வியைக் கேட்டேன்:
நிபந்தனைகளை ஏற்கிறேன் என்ற கட்டத்தில்
டிக் போட்டீர்களா?
"அது ஏற்கனவே போட்டிருந்தது."
சற்று நேரம் காற்றின் சத்தம்.
பிறகு அவரே:
"நாங்களும் கழிக்கிறோம்.
ஈரம் அதிகமென்றால் விவசாயியின் காசைக் கழிக்கிறோம்.
ஆனால் எவ்வளவு என்று
மேடைக்கு மேலே பலகையில் எழுதியிருக்கும்,
ஒரு முழ உயர எழுத்து.
லாரியில் உட்கார்ந்தபடியே படிக்கலாம்."

ஆதாரம் அனுப்பச் சொன்னேன்.
ஆறாம் நாள் உறை வந்தது.
பிரிக்காத பசைக் குழாயின் படம்.
நிபந்தனைப் பக்கத்தை அச்சடித்த தாள்,
வெள்ளையில் வெளிர்சாம்பல், பல்லியின் வயிறு மாதிரி.
அதன் கடைசி வரிக்குப் பக்கத்தில்
டேப் போட்டு ஒட்டிய ஒரு கோதுமை மணி.
அளவுக்கு, என்று பென்சிலில் எழுதியிருந்தார்.
எழுத்து, மணியில் பாதி உயரம் இல்லை.

என் படிவத்தில் 'ஆம்', 'இல்லை', இரண்டே கட்டம்.
மணிக்கு இடமில்லை.
'ஒப்புதல் தெளிவில்லை' என்று ஓரத்தில் எழுதி அனுப்பினேன்.
மேலிடம் சங்கத்தின் முப்பத்தொன்பதைத் திருப்பித் தந்தது.
தொண்ணூற்று நாலு நின்றது, நின்றதுதான்.
புது எண்ணில் அட்டை கொடுத்தோம்.
புது எண்ணுக்கும் பழைய கடைக்காரனுக்கு
வழி தெரிந்துவிடுவதுண்டு என்பதைச்
சொல்ல எனக்கு அனுமதியில்லை.
சொன்னேன்.
அந்த அழைப்பு பதிவானதா என்று
இன்னும் யாரும் கேட்கவில்லை.

ஜூன் போய்விட்டது.
படத்தில் அவர் உதட்டை மூடிக்கொண்டாரோ,
பழுப்புப் பல் தெரியச் சிரித்தாரோ, தெரியாது.
கோப்பைக் கிழிக்கும் இயந்திரத்துக்குத் தரும் முன்
டேப்பை நகத்தால் கிளப்பி
மணியை எடுத்துவைத்துக்கொண்டேன்.

இப்போதெல்லாம் எதிலாவது கையெழுத்துக் கேட்டால்
மேஜை அறையைத் திறந்து
அதைத் தாளில் வைத்துப் பார்க்கிறேன்.
நேற்று, என் சம்பள ஒப்பந்தத்தின்
நாலாம் பக்கத்தில்.